பொருளோடு அறமும் கைமாற வேண்டும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க!



பகவான் மகாவீரர் பிறந்த நன்னாளில் கொல்லாமையைப் பற்றிப் பேசுவது மரபு. இவ்வாண்டு விழாக் குழுவினர், அணுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கள்ளாமை என்றவுடன், ‘நாம் யார் வீட்டிலும் திருடியதில்லையே, இந்த உரை நமக்குரியது அன்று’ என்று கேட்போர் எண்ணிவிடக் கூடும். ஆகவே அந்த விரதத்தை ஒரு தொழிலின் நடுவே வைத்துக் காட்ட விரும்புகிறேன். பெற்றோர் நடத்திப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்கும் பழம்பொருள் அங்காடி என்பதே அத்தொழில். அங்காடியில் தொடங்கினாலும் முடிவில் நம் வீட்டுப் பரண் வரை வந்து நிற்பேன் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் கிழக்கே சென்றால் காரைக்குடி வரும். அவ்வூரின் முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக உள்ளன. உள்ளே நுழைந்தால் ஒரு நூற்றாண்டு வாழ்க்கை அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பர்மாத் தேக்கில் செதுக்கிய நிலைகளும் கதவுகளும், பித்தளை அண்டாக்களும் குத்துவிளக்குகளும், ஊறுகாய் ஜாடிகளும் மரவைகளும், கடல் கடந்து வந்த எனாமல் பாத்திரங்களும், பெல்ஜியம் கண்ணாடிகளும், இரவிவர்மாவின் அச்சுப் படங்களும், தஞ்சாவூர் ஓவியங்களும் அங்கே குவிந்திருக்கும். சில பாத்திரங்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் எழுத்துகள் தட்டுப்படும். நகரத்தார் தம் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘விலாசம்’ என்று வழங்குவர், அவ்வெழுத்துகளே அவை. ஒரு பெண்ணின் திருமணச் சீரில் பரப்பி வைக்கப்பட்ட பாத்திரம், பெயர் வெட்டிய நிலையிலேயே இன்று விலைக்கு அமர்ந்திருக்கிறது.

இப்பொருள்கள் அங்கே வந்த வழியையும் அறிந்துகொள்ள வேண்டும். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருளைக் கொண்டு செட்டிநாட்டின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தெருவுக்குத் தெரு மாளிகை எழுப்பினர். 1942-இல் சப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மாவில் நிலங்கள் அரசுடைமையாயின. வருவாய் அற்றது, வீடுகள் மட்டும் நின்றன. ஒரு தாத்தா கட்டிய வீட்டுக்கு மூன்றாம் தலைமுறையில் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், மற்றொருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் செப்பனிடுபவர் யார் என்னும் கேள்விக்கே விடை கிடைப்பதில்லை. சில குடும்பங்கள் பெருமுயற்சி செய்து வீட்டைக் காத்தன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின. எஞ்சியவற்றுள் பல இடிக்கப்பட்டன. தூண் தனியாக, கதவு தனியாக, பாத்திரம் தனியாக விலை போயின. அவ்வாறு விலை போனவற்றை வாங்கி விற்பதே அக்கடைகளின் தொழில்.

இத்தொழிலைக் குறை கூறுவதற்காக நான் இதனை எடுக்கவில்லை. இந்தக் கடைகள் இல்லாதிருந்தால் அந்தத் தேக்கு விறகாகியிருக்கும். அந்தப் பித்தளை உருக்கு உலைக்குப் போயிருக்கும். ஒரு பொருள் உலையில் விழாமல் அதற்கு மற்றொரு வீட்டைத் தேடித் தருவது நல்ல பணியே.

இத்தொழிலில் தந்தை தன் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறார்? முதலில் கண்ணைப் பழக்குகிறார். விளக்கின் அடித்தட்டில் இருக்கும் தேய்மானம் நாள்தோறும் நகர்த்தி வைத்ததால் வந்ததா, அரத்தால் தேய்த்ததால் வந்ததா என்று பார்க்கச் சொல்கிறார். அடுத்துக் காதைப் பழக்குகிறார். வெண்கலத்தைத் தட்டினால் எழும் நாதம் வேறு, பித்தளையைத் தட்டினால் எழும் ஓசை வேறு. பிறகு கையைப் பழக்குகிறார். வைரம் பாய்ந்த தேக்கின் கனத்தைத் தூக்கிப் பார்த்தவன், சாயம் ஏற்றிய மட்ட மரத்தில் ஏமாற மாட்டான். பள்ளி விட்டு வந்து கடைப் படியில் அமர்ந்து கற்கும் இந்தப் பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

கண்ணாலும் காதாலும் கையாலும் அறிய முடியாத ஒன்று உண்டு. இப்பொருள் யாருடையது? எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தது? விற்றவர் அதனை விற்க உரிமை உடையவரா? இவற்றைப் பொருள் தானே சொல்லாது. வாங்கியவர் நினைவிலோ கணக்கேட்டிலோ மட்டுமே அது இருக்கும். எழுதி வைக்காமல் தந்தை மறைந்துவிட்டால், மறுநாள் கடை திறக்கும் மகனுக்குப் பொருள்கள் எல்லாம் கிடைக்கும். அவற்றின் வரலாறு கிடைக்காது. பெற்றோர் பெயர் தெரியாத குழந்தைகளைப் போல அவை வரிசையாக நிற்கும்.

மதுரைக்காரராகிய நமக்குத் தலைமுறைக் கடைகள் புதியன அல்ல. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் தையற்காரர்களும், பாத்திரக் கடைக்காரர்களும், புத்தகக் கடைக்காரர்களும் பெற்றோர் இருந்த இடத்திலேயே பிள்ளைகளாக அமர்ந்து வணிகம் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அண்மை ஆண்டுகளில் மண்டபத்தைக் காக்கும் பொருட்டு அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. தூணும் நிழலும் மாறிவிட்டன. ஆயினும் பழைய வாடிக்கையாளர் கடையைத் தேடிப் போகிறார். அவரை இழுத்துச் செல்வது இடம் ஆகாது. அந்தக் குடும்பத்தின் சொல்மீது அவர் வைத்த நம்பிக்கை. கைமாறிய சொத்துகளில் தலையாயது அதுவே.

அன்பர்களே, பழம்பொருளின் வரலாற்றை விசாரிக்காததால் நேர்ந்த பெருந்துயரை இந்த மதுரை மண்ணே கண்டிருக்கிறது. இளங்கோவடிகள் பாடிய சிலப்பதிகாரத்தை அந்நோக்கில் எண்ணிப் பாருங்கள். புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்தவர் நம் சமயத் துறவியாகிய கவுந்தியடிகள். மதுரைப் புறஞ்சேரியில் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தந்தவரும் அவரே. மறுநாள் கோவலன் நகருக்குள் வந்தது எதற்காக? தன் மனைவியின் அணிகலன் ஒன்றை விற்பதற்காக. அது அவர்களுக்கே உரிய பொருள். விற்க முழு உரிமை உடையவன் விற்க வந்தான். அரசியின் சிலம்பை முன்னமே கவர்ந்திருந்த அரண்மனைப் பொற்கொல்லன், தன் களவை மறைக்கப் பழியை அவன்மேல் போட்டான். அரசன், ‘இச்சிலம்பு எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கோவலன் கொலையுண்ட பின்னரே கண்ணகி அவையில் சிலம்பை உடைத்தாள். உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல்கள். இரு சிலம்பும் புறத்தில் ஒன்றுபோல இருந்தன. அவற்றின் உண்மை உள்ளே இருந்தது. அந்த உண்மையை உரிய நேரத்தில் தேடாமைக்கு ஓர் உயிரும் ஓர் அரசும் ஒரு நகரும் விலையாயின.

அதே மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் இதற்கு மாறான ஒரு பாடத்தைச் சொல்கின்றன. மாங்குளத்துக் குன்றில், நெடுஞ்செழியன் காலத்தில் நம் முனிவர்களுக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் தம்மை இன்னார் என்று கல்லில் எழுதிவைத்தார்கள். வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் அங்கே தன் பெயரைப் பொறித்திருக்கிறது. அழகர்மலைக் குகைத்தளத்தில் மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று தொழிலோடு பெயர்கள் வருகின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் துணி விற்றவரும் உப்பு விற்றவரும் ஏர்க்கொழு விற்றவரும் தம் பொருளில் ஒரு பங்கை அறத்துக்கு ஈந்து, ஈந்ததற்குச் சான்றும் வைத்துப் போயிருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த அச்சணந்தி முனிவர் பல குன்றுகளில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்தார். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் அவருடைய தாயார் குணமதியார் பெயரும் திருமேனி செய்வித்தவராகக் கல்வெட்டில் உள்ளது. தாயும் பிள்ளையும் ஒரே அறத்தில் தனித்தனியே பெயர் பதித்த இடம் அது. ஆனைமலையில் சில திருமேனிகளின் கீழ், அவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்ற ஊரவையின் பெயரும் எழுதப்பட்டுள்ளது. செய்வித்தவர் யார், காப்பவர் யார் என்னும் இரண்டு கேள்விக்கும் கல்லே விடை தருகிறது. வட்டெழுத்தில் ஓரிரு வரிகள்தாம். அந்த ஓரிரு வரிகளால் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அத்திருமேனிகள் அநாதையாகவில்லை. ஊர்கள் மாறின, அங்கே வழிபட்ட குடும்பங்கள் இடம் பெயர்ந்தன, எழுத்து நிற்கிறது.

இனி நாம் எடுத்துக்கொண்ட விரதத்துக்கு வருவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் கள்ளாமைக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறார். தசலட்சண பருவத்தில் நாம் ஆண்டுதோறும் ஓதுவதுதான். அவற்றை ஒரு பழம்பொருள் அங்காடியின் வாசலில் நின்று ஓதிப் பார்த்தால், இத்தொழிலுக்கென்றே எழுதியதுபோலத் தோன்றும்.

முதலாவது, களவு செய்யப் பிறரைத் தூண்டுதல். வணிகன் தன் கையால் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. ‘இத்தகைய திருமேனி கிடைத்தால் நல்ல விலை தருவேன்’ என்று தகாதவன் காதில் ஒரு சொல் போட்டால் போதும். அந்தச் சொல்லே பூட்டை உடைக்கும்.

இரண்டாவது, களவுப் பொருளைப் பெறுதல். ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பலர் கேடயமாகப் பிடிப்பர். தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தும் கேளாமல் விடுவது தெரிந்து செய்வதற்கு மிக அருகில் இருக்கிறது.

மூன்றாவது, அரசின் ஆணைக்கு மாறாக நடத்தல். எல்லை கடந்து பொருளை ஒளித்து அனுப்புவது இதனுள் அடங்கும்.

நான்காவது, குறைத்தும் கூட்டியும் அளத்தல். தராசு சரியாக இருந்தால் குற்றம் இல்லை என்று நினைக்கிறோம். ஊர் வீட்டில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர், நூறாண்டு விளக்கைப் பழைய பித்தளை என்று கொண்டு வருகிறார். அதன் மதிப்பை நன்கறிந்த கடைக்காரர் எடைக்கு விலை போட்டு வாங்கி, மறுவாரமே பழம்பொருள் விலைக்கு விற்கிறார். தராசு முள் நடுவில்தான் நின்றது. ஆனால் வாங்கும்போது ஓர் அளவும் விற்கும்போது வேறோர் அளவும் பயன்பட்டனவே!

ஐந்தாவது, போலியை மெய்யென்று விற்றல். புதிய வார்ப்பை மண்ணில் புதைத்து, அமிலம் பூசி, பச்சை படியச் செய்து, பழையது என்று தருவது இக்காலத்தில் நன்கறிந்த வஞ்சகம். புதிய வார்ப்பு இழிவானது அன்று. கைத்திறன் மிக்க தச்சரும் கன்னாரும் இன்றும் நம் நாட்டில் உண்டு. புதியதைப் புதியதென்று விற்றால் அது தொழில்; பழையதென்று விற்றால் அது களவு.

மூன்றாவதாகச் சொன்ன அரசாணையைச் சற்று விளக்க வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. சிற்பம், ஓவியம் முதலிய கலைப்பொருள்கள் நூறாண்டுப் பழமை உடையனவாயின் தொல்பொருள் எனப்படும். அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பனைத் தொழில் செய்பவர் உரிமம் பெற வேண்டும். பதிவேடும் புகைப்படமும் வைத்திருக்க வேண்டும். அரசு அறிவித்த வகைப் பொருள்களை வீட்டில் வைத்திருப்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்த பொருள் கைமாறினால் அதனையும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பதிவேடு எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இரண்டு நடராசத் திருமேனிகள் சான்று. தஞ்சைப் பகுதியில் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர், கை பல மாறி இலண்டன் சென்றார். பொய்யான வரலாறு ஒன்று புனையப்பட்டு அதன்பேரில் விற்கப்பட்டார். இலண்டன் நீதிமன்றத்தில் நெடிய வழக்கு நடந்து, 1991-இல் தாயகம் திரும்பினார். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானிலிருந்து களவு போன நடராசரை 2008-இல் ஆசுத்திரேலிய தேசியக் கலைக்கூடம் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. அங்கும் காட்டப்பட்ட ஆவணங்கள் பொய். 2014-இல் அந்நாட்டுத் தலைமை அமைச்சரே அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தார். இரண்டு நிகழ்ச்சியிலும் கள்வர் முதலில் உருவாக்கியது போலி வரலாற்றைத்தான். மெய்யான வரலாறு எழுதப்படாத இடத்தில் பொய் எளிதாகக் குடியேறும். இது நமக்குப் பாடம்.

இப்போது பெற்றோர் பிள்ளைக்கு ஒப்படைக்கும் செயலுக்கு வருகிறேன். சினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் இல்லறத்தார் செய்யும் தத்திகளை, அதாவது கொடைகளை, நான்காக வகுக்கிறார். உயிர்களுக்கு அஞ்சேல் என்று அருளும் தயாதத்தி, துறவியர்க்கு அளிக்கும் பாத்திரதத்தி, ஒத்த ஒழுக்கம் உடையார்க்கு நல்கும் சமதத்தி ஆகியவை மூன்று. நான்காவது சகலதத்தி, அன்வயதத்தி என்றும் சொல்வர். தன் குலம் நிலைபெறும் பொருட்டு ஒருவன் தன் மகனிடம் குடும்பத்தை முழுவதுமாக ஒப்படைப்பது அது. அங்கே ஆசாரியர் ஒப்படைக்க வேண்டியவை இரண்டு என்கிறார். ஒன்று பொருள், மற்றொன்று சமயம், அஃதாவது அறநெறி. இரண்டும் சேர்ந்து கைமாறினால்தான் அது தத்தி.

சாவிக் கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் மட்டும் கொடுத்தால் அது பாகப்பிரிவினை. அவற்றோடு, ‘இன்ன பொருளை நாம் வாங்குவதில்லை, இன்ன சொல்லை நாம் சொல்வதில்லை, இந்த ஏட்டில் எழுதாமல் எதையும் உள்ளே வைப்பதில்லை’ என்ற ஒழுங்கையும் கொடுத்தால் அது சகலதத்தி. காரைக்குடிக் கடைக்காரருக்கும் இது பொருந்தும். நகைக்கடை, துணிக்கடை, அடகுக்கடை நடத்தும் எவருக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் பெற்ற என்னைப் போன்றோருக்கும் பொருந்தும். இந்நாளில் மகனோடு மகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டுப் பொருள்களின் வரலாற்றைப் பாட்டி தாய்க்கும், தாய் மகளுக்கும் சொல்லி வந்த வழியே நம் குடும்பங்களில் வலிமையானது.

இனி, முன்னர்ச் சொன்னபடி, பரணுக்கு வருவோம். வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களில் நம்மில் பலருக்குப் பூர்விக வீடுகள் உள்ளன. பெரியவர்கள் இருந்தவரை விளக்கு எரிந்தது. இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது? வெண்கலக் குத்துவிளக்கு, பூசைப் பாத்திரங்கள், சிறிய உலோகத் திருமேனி, சிவப்புத் துணியில் கட்டிய ஓலைச்சுவடி. செட்டிநாட்டு மாளிகைக்கு நேர்ந்தது நம் சிறு வீட்டுக்கும் நேரலாம். வீடு விற்கும் அவசரத்தில், ‘உள்ளே இருக்கும் பழைய சாமானையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லில் எத்தனை தலைமுறை போய்விடுகிறது!

சுவடியைப் பற்றி ஒரு செய்தி. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சில் கொண்டுவந்தார். சுவடிகள் பலவற்றைத் தேடித் தொகுத்தும், நூலின் சமயக் கருத்துகள் பல அவருக்கு விளங்காமல் இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த தமிழ்ச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்ததை அவரே தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அக்குடும்பங்களில் சிந்தாமணி வெறும் ஓலைக்கட்டாக இருக்கவில்லை. ஓதப்பட்டது, பொருள் சொல்லப்பட்டது. ஓலையும் வந்தது, ஓலையைப் படிக்கும் அறிவும் கூடவே வந்தது. தமிழுலகம் முழுவதும் அதனால் பயன் பெற்றது. அன்று அவர்கள் செய்தது சகலதத்தியே. இன்று நம் வீட்டுச் சுவடியைப் பிரித்து ஒரு வரி படிக்க நம் பிள்ளைகளால் முடியுமா என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒருவர் எழுந்து, ‘ஐயா, நம் சமயம் பொருள் வரைதலைச் சொல்கிறதே; மிகுபொருள் விரும்பாமை ஐந்தாம் விரதமாயிற்றே. பழையவற்றைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இது: வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. உறவினருக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், சட்டத்துக்கு உட்பட்டு விற்கவும் செய்யலாம். பற்றை விடுவது விரதம். பொறுப்பை விடுவது விரதம் ஆகாது. எதை யாரிடம் விடுகிறோம் என்று அறிந்து விட வேண்டும்.

அதனினும் முதன்மையான ஒன்று உண்டு. நம் வீட்டில் இருப்பவை எல்லாம் நம்முடையவை ஆகிவிடா. சினாலயத்துத் திருமேனியையோ பூசைப் பொருளையோ பாதுகாப்புக்காக முன்னோர் வீட்டில் வாங்கி வைத்திருக்கலாம். வாங்கி வைத்தவருக்கு அது தெரியும். அவர் மகனுக்கும் தெரியும். பேரனுக்கு அது தாத்தா வீட்டுச் சாமான். யாரும் திருடவில்லை, ஆயினும் கோயிற்பொருள் குடும்பப் பொருளாகிவிட்டது. தலைமுறை மறதியும் களவில் கொண்டுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. அத்தகைய பொருள் இருந்தால் பஞ்சாயத்தாருக்கோ மடத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து உரிய இடத்தில் சேர்ப்பதே நம் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.

ஆகவே இவ்விழாவில் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பழம்பொருளுக்கும் ஆறு வரி எழுதுங்கள். பொருளின் பெயர், எதனால் ஆனது, எவ்வளவு உயரம் அல்லது எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வீட்டில் எதற்குப் பயன்பட்டது, குடும்பத்துக்கு உரியதா, சினாலயத்துக்கு உரியதா. பக்கத்தில் ஒரு புகைப்படம் ஒட்டுங்கள். பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். எழுதிய கைக்கு அது மறக்காது.

சுவடி இருந்தால் நீங்களாகக் கழுவவோ தேய்க்கவோ வேண்டா. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், டாக்டர் உ.வே.சா. நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் ஆகிய இடங்களில் சுவடிகளைப் பேணும் முறை அறிந்தோர் உள்ளனர். புல்தைலம் பூசி ஓலையைப் பதப்படுத்தவும், படியெடுத்து வைக்கவும் அவர்களுக்குத் தெரியும். உலோகத் திருமேனி இருந்தால் அதன் பழமையை அறிந்து பதிவு செய்ய வேண்டியிருப்பின் பதிவு செய்துகொள்ளுங்கள். பளபளப்புக்காக அமிலப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்ந்து போன எழுத்து திரும்ப வராது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். பொருள் வாங்கும்போது விலை கேட்கிறீர்கள்; தள்ளுபடி கேட்கிறீர்கள். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்றும் கேளுங்கள். பழம்பொருள் கடையில் கேளுங்கள். பழைய கைப்பேசி வாங்கும் இடத்திலும் கேளுங்கள். நேர்மையான வணிகர் அக்கேள்வியால் சினம் கொள்ளமாட்டார், மகிழ்வார். அவருடைய தந்தை கட்டிக்காத்த நற்பெயருக்கு நீங்கள் தரும் மதிப்பு அது.

அழகர்மலையில் பெயர் எழுதிய உப்பு வணிகனுடைய கடை எங்கே இருந்தது என்று இன்று காட்ட இயலாது. அவன் விற்ற உப்பு அன்றே கரைந்தது. அவன் அறத்துக்கு ஈந்ததும், ஈந்தேன் என்று வெளிப்படையாக எழுதியதும் எஞ்சின. நம் பிள்ளைகளிடம் நாம் எதை ஒப்படைத்தாலும், அதன் உண்மையையும் உடன் எழுதி ஒப்படைப்போம்.



அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!